காய்ச்சலோடு கால் வீங்கினால் மறைக்காதீர்கள்

காலில் முள் குத்திய மறுநாள் தொடையிடுக்கில் நெறி கட்டும். உள்ளே புகுந்த கிருமியோடு உடம்பு மல்லுக்கு நிற்கிறது என்று பொருள். நெறி கட்டும் இடம்தான் நிணநீர் முடிச்சு. இப்படிப் பல நூறு முடிச்சுகள் கழுத்திலும் அக்குளிலும் வயிற்றுக்குள்ளும் உண்டு.

ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில், நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டரை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டுபோய்க் கழுத்தடியில் மீண்டும் ரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் முடிச்சுகளில் காத்திருக்கும் லிம்போசைட் வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கின்றன. இந்த நீரைத் தள்ள இதயம் போல் தனி உறுப்பு கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதும், நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்துவதும்தான் அதை மேலேற்றுகின்றன.

யானைக்கால் புழு குடியேறுவது இந்தக் குழாய்களில். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. வளர்ந்த புழு ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். குழாய் பழுதாகிவிட்டால் வடிகால் அடைத்த வயல் போல் கால் நீர் கோத்துக்கொள்ளும். தொடக்கத்தில் இரவு படுத்தெழுந்தால் வீக்கம் வடிந்துவிடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

நம் பகுதியில் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் நடமாடுவது பெரும்பாலும் இரவில். சுகாதாரப் பணியாளர் இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வருவது அதனால்தான், கதவைச் சாத்தாதீர்கள். ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கும்போது அவர்கள் கண்ணெதிரிலேயே விழுங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் அது கிடையாது.

பெருத்துப்போன கால் பழையபடி ஆகாது என்பது உண்மை. ஆனால் மேலும் பெருக்கச் செய்வது அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல். விரலிடுக்குப் புண்ணிலும் வெடிப்பிலும் பாக்டீரியா நுழைவதால் வருவது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தாலே பாதி வேதனை குறையும். மந்திரித்துக் கயிறு கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. இதே புழுவால் வரும் விதைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சையில் நல்ல தீர்வு உண்டு. வெட்கப்பட்டு வேட்டிக்குள் ஒளிப்பானேன்?

இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமிழகத்திலோ பழைய நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நோய் முற்றிய நான்காம் நிலையினருக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. நடமாட்டம் முடங்கியவர்கள் மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக மருத்துவக் குழுவை அணுகலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் அவர் பெயரைப் பதிவு செய்ய உதவுங்கள்.