நடுக்கடலில் ஒரு பண்டகசாலை

பாய்மரக் கப்பல்கள் போர்புரிந்த காலத்தில், அவற்றைச் செலுத்திய காற்று விலையின்றிக் கிடைத்தது. உணவும் குடிநீரும் உள்ளவரை ஒரு கப்பல் மாதக்கணக்காகக் கடலிலே தங்கலாம். நீராவி இயந்திரம் வந்ததும் இந்நிலை மாறியது. காற்றை எதிர்த்துச் செல்லும் வலிமையைக் கப்பல் பெற்றது. ஆனால், அவ்வலிமைக்கு விலையாகத் தன் சுதந்திரத்தைக் கொடுத்தது. நிலக்கரி தீர்ந்தால் துறைமுகத்தை நாடவேண்டும். ஏடன், கொழும்பு முதலிய துறைமுகங்கள் நிலக்கரி நிலையங்களாகச் சிறப்புற்றது இதனாலேயே.

துறைமுகம் செல்வதால் ஒரு போர்க்கப்பலுக்கு நேரும் இழப்பு யாது என்று நேயர்கள் கேட்கலாம். போக்கும் வரவுமாகப் பல நாள்கள் கழியும். அந்நாள்களில் அது காக்கவேண்டிய கடற்பகுதி காவலின்றிக் கிடக்கும். பத்துக் கப்பல்களுள் மூன்று எப்பொழுதும் வழியிலேயே இருக்குமாயின், கடற்படைத் தலைவரின் கைவசம் உள்ளவை ஏழே. ஆகவே, கப்பல் பண்டகசாலையைத் தேடிச் செல்லாமல், பண்டகசாலையே கப்பலைத் தேடிவரவேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது.

நிலக்கரியை மூடைகளிற் கட்டி, இரு கப்பல்களுக்கிடையே இழுத்துக் கட்டிய வடத்தின் வழியே அனுப்பிப் பார்த்தார்கள். வேலை பெரிதாகவும் பயன் சிறிதாகவும் இருந்தது. எண்ணெய் எரிபொருளாக வந்தபின்னரே வழி திறந்தது. எண்ணெயைக் குழாயினாற் செலுத்தலாமன்றோ! 1917ஆம் ஆண்டு மே மாதம், ஐக்கிய அமெரிக்காவின் 'மோமி' என்னும் எண்ணெய்க் கப்பல், ஐரோப்பாவை நோக்கிச் சென்ற நாசகாரிக் கப்பல்களுக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வழங்கியது. அம்முறையை வகுத்தவர்களுள் ஒருவர் மோமியில் அதிகாரியாகவிருந்த செஸ்டர் நிமிற்ஸ். இரண்டாவது உலக மகாயுத்தத்திலே பசிபிக் கடற்படையை நடத்திய தளபதி அவரே.

இனி, இவ்வேலை நடைபெறும் விதத்தைப் பார்ப்போம். வழங்கும் கப்பல் ஒரே திசையில், ஒரே வேகத்திற் செல்லும். மணிக்குப் பன்னிரண்டு முதற் பதினைந்து கடல்மைல் வேகம் வழக்கமானது. பெறும் கப்பல் பின்னிருந்து வந்து, ஏறக்குறைய நூறு முதல் இருநூறு அடி இடைவெளியில் அதனருகே ஓடும். ஒரு கப்பலிலிருந்து துப்பாக்கியால் மெல்லிய நூற்கயிறு மறுகப்பலுக்கு எய்யப்படும். அந்நூலின் நுனியிற் கட்டிய தடித்த கயிற்றை இழுப்பார்கள்; அதன் பின்னே உருக்குக் கம்பிவடம் வரும். வடத்திற் கப்பிகளைப் பூட்டி, அவற்றிலிருந்து இறப்பர்க் குழாயைத் தொங்கவிட்டு எண்ணெய் பாய்ச்சுவார்கள். உணவுப் பெட்டிகள், வெடிமருந்து, கடிதப் பைகள் ஆகியவற்றுக்கு வேறொரு வடம் உண்டு. இடைவெளியைக் காட்டுவதற்கு, நிறக்கொடிகள் கட்டிய அளவுக்கயிறு ஒன்றும் குறுக்கே பிடிக்கப்படும். இக்காலத்தில் ஹெலிகொப்டர்களும் சரக்கைத் தூக்கிச் சென்று கொடுக்கின்றன.

கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றலாம். உண்மையில் மாலுமிகள் அஞ்சும் வேலைகளுள் இதுவும் ஒன்று. வாய்க்கால் ஒடுங்குமிடத்தில் நீர் விரைந்தோடுவதை யாவரும் அறிவோம். அவ்வாறே, இரு கப்பல்களுக்கிடையே அகப்பட்ட நீரும் விரைந்தோடும். விரைவு கூடுமிடத்தில் நீரின் அழுத்தம் குறையும். வெளிப்புறத்து அழுத்தமோ குறைவதில்லை. ஆதலால் இரு கப்பல்களும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளப்படுகின்றன. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வைற் தீவுக்கருகில், 'ஒலிம்பிக்' என்ற பெரும் பயணிகள் கப்பலின் பக்கத்திலே 'ஹோக்' என்ற போர்க்கப்பல் மோதியதற்கு இவ்வீர்ப்பே காரணமெனக் கூறப்பட்டது. எனவே, சுக்கான் பிடிப்பவர் கண்ணிமைக்கும் நேரமும் கவனம் சிதறலாகாது. ஆபத்து நேருமாயின், குழாயை உடனே கழற்றிவிட்டு விலகிச் செல்லும் முறையையும் முன்னரே பயின்றிருப்பார்கள்.

நமது திருக்கோணமலைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1945ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி, விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கினைக் கொண்ட பிரித்தானியக் கடற்படையொன்று அங்கிருந்து புறப்பட்டது. சுமாத்திராவிலே, பலெம்பாங் நகருக்கருகில், யப்பானியர் வசமிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அழிப்பதே அதன் நோக்கம். எண்ணெய்க் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் அதனைச் சந்தித்தன. கடற்கொந்தளிப்பிலே குழாய்கள் அறுந்தன; காலம் வீணாயிற்று. 24ஆந் திகதியும் 29ஆந் திகதியும் தாக்கியபின், கடற்படை அவுஸ்திரேலியாவை நோக்கித் திரும்பியது. மேலும் தங்கித் தாக்குவதற்கு எண்ணெய் இடங்கொடுக்கவில்லை. எதிரியின் எண்ணெயை அழிக்கச் சென்றவர்களின் கையையும் எண்ணெயே கட்டியது.

இத்தகைய கப்பல்களிற் பணிபுரிவோரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களிடம் பீரங்கிகள் சில. தீப்பற்றும் எண்ணெயோ பல்லாயிரம் தொன். 1942ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி, பவளக் கடற்போரின்போது, அமெரிக்க எண்ணெய்க் கப்பலான 'நியோஷோ'வை விமானந்தாங்கிக் கப்பலென்று மயங்கிய யப்பானிய விமானங்கள் அதன்மேற் குண்டு பொழிந்தன. அதற்குத் துணைசென்ற 'சிம்ஸ்' என்னும் நாசகாரிக் கப்பல் மூழ்கியது. நியோஷோ நான்கு நாள்கள் கடலில் மிதந்தது. எஞ்சியோர் மீட்கப்பட்டபின், அமெரிக்கரே அதனை மூழ்கடித்தனர். ஆயினும், அன்று யப்பானியரின் பெருந்தாக்குதல் உண்மையான விமானந்தாங்கிகளின்மேல் விழாமற்போனது அந்தச் சுமைக் கப்பலினாலேயே.

ஒரு நாட்டின் கடல்வலிமையை அளப்போர் பீரங்கிகளையும் விமானங்களையும் எண்ணுவர். கடற்படைத் தலைவரோ எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் முதலில் எண்ணுவார். சீனன்குடாவிலே, காட்டிடையே நிற்கும் அப்பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்த நேயர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். போர்க்கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நெடுநாளைக்குமுன் போய்விட்டன. அவற்றை ஓடச்செய்த எண்ணெயைச் சேமித்து வைத்த தாங்கிகளோ, அவற்றின் உண்மையான வலிமை எங்கிருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன.