பில் ஜாக்சன்

பில் ஜாக்சன் (பிறப்பு: செப்டம்பர் 17, 1945) அமெரிக்கக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுனர் ஆவார். என்.பி.ஏ. போட்டிகளில் பயிற்றுனராக 11 முறை (சிகாகோ புல்ஸ் 6, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 5) பட்டம் வென்றவர் இவர் ஒருவரே.

கூட்டு ஆட்டம்

சிறந்த வீரர்கள் அமைந்ததாலேயே இவர் வென்றார் என்பாரும் உளர். ஆனால் 1989இல் இவர் புல்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுனரானபோது, மைக்கல் ஜார்டன் மூன்று பருவங்களாக மிக அதிகப் புள்ளிகள் எடுத்துவந்தும் அவ்வணி ஒரு பட்டமும் வென்றிருக்கவில்லை. பந்து ஒருவரிடமே தங்கினால் எதிரணி அவரை மடக்கினாலே போதும் என்று ஜாக்சன் கருதினார். எனவே துணைப் பயிற்றுனர் டெக்ஸ் வின்டர் வளர்த்தெடுத்த முக்கோணத் தாக்குதல் முறையைப் புகுத்தினார். இதில் மூவர் களத்தின் ஒரு பக்கத்தில் முக்கோணமாகவும் இருவர் மறுபக்கத்திலும் நிற்பர். பந்து யாருக்கு என்பது எதிரணியின் நகர்வைப் பொறுத்தது. 1991 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், காவலின்றி நின்ற ஜான் பாக்சனுக்கு ஜார்டன் பந்தை அளித்தார். பாக்சன் கடைசி நான்கு நிமிடங்களில் 10 புள்ளிகள் எடுக்க, புல்ஸ் முதல் பட்டம் வென்றது.

1994 நிகழ்வு

1993இல் ஜார்டன் ஓய்வு பெற்றதும் ஸ்காட்டி பிப்பென் முதன்மை வீரரானார். மே 1994இல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 1.8 வினாடிகள் எஞ்சியிருந்தபோது, ஜாக்சன் கடைசி எறிதலை டோனி குக்கோச்சுக்கு ஒதுக்கினார். பிப்பென் களமிறங்க மறுத்துவிட்டார். குக்கோச் பந்தைக் கூடையில் இட்டு அணியை வெற்றி பெறச் செய்தார். எனினும் உடைமாற்றும் அறையில் மகிழ்ச்சி இல்லை. ஜாக்சன் தண்டனை ஏதும் விதிக்காமல், வீரர்களே பேசித் தீர்க்க விட்டார். மூத்த வீரர் பில் கார்ட்ரைட் கண்ணீருடன் பேசினார். பிப்பென் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆட்டத்திலும் புல்ஸ் வென்றது. தொடரை மட்டும் ஏழாம் ஆட்டத்தில் இழந்தது.