வாடகையில்லா வீடு: படகில் குடியிருந்தோர் வரவு செலவு

“படகிலேயே குடியிருந்தால் வாடகை மிச்சம் அல்லவா, ஐயா?”

குடும்பச் செலவு பற்றிய கணக்குப் பாடத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இங்ஙனம் கேட்டான். வகுப்பில் பலர் சிரித்தனர். ஆயினும், அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. இக்கணக்கை ஒரு நாட்டு மக்கள் நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்தே பார்த்திருக்கின்றனர். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகோட்டிகளே அவர்கள்.

தோணி, ஓடம், படகு, பரிசல், நாவாய் என நம் மொழியில் கலங்களுக்குப் பெயர்கள் பல உண்டு. அவை பெரும்பாலும் ஏறிச்சென்று இறங்குவதற்கானவை. ஏறியபின் இறங்காமல், அதிலேயே பிறந்து, மணந்து, பிள்ளை வளர்த்த குடும்பங்களின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

1761இல் இங்கிலாந்தில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் முதற்பகுதி திறக்கப்பட்டது. வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி அதன் வழியே மான்செஸ்டர் நோக்கிச் சென்றது. அதனைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் தோன்றின. மேடுபள்ளங்களில் படகை ஏற்றி இறக்க, இருபுறமும் கதவிட்ட நீர்த்தொட்டிகளைக் கட்டினர். அவற்றை ‘லாக்’ என்பர். நடுநாட்டுக் கால்வாய்களில் இவற்றின் அகலம் சுமார் 7 அடியே. ஆதலின் படகுகளும் 7 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், ஏறத்தாழ 70 அடி நீளமும் உடையனவாய் அமைந்தன. அந்நீளத்தில் பெரும்பகுதி சரக்குக்கே உரியது. பின்புறத்தில் சுமார் 10 அடி நீளமுள்ள சிற்றறை ஒன்றே மனிதருக்கு எஞ்சியது.

தொடக்கத்தில் படகோட்டிகளுட் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறந்த பின்னர் நிலைமை மாறலாயிற்று. புகைவண்டியோடு போட்டியிட முடியாமல் படகுக் கூலி வீழ்ந்தது. படகோட்டி கரை வீட்டைக் கைவிட்டு, மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பெருகியது. இதனால் வீட்டு வாடகை மிச்சம். கூலிக்கு அமர்த்திய துணையாளின் சம்பளமும் மிச்சம். மாணவன் கண்ட மிச்சம் ஒன்று. படகோட்டி கண்டவையோ இரண்டு.

இனிச் செலவுப் பக்கத்தை நோக்குவோம். சரக்கின் எடைக்கும் பயணத்துக்கும் ஏற்பக் கூலி கணக்கிடப்பட்டது. அதனைப் பெற்றவன் படகுத் தலைவன் ஒருவனே. சரக்கு ஏற்றக் காத்திருந்த நாளிலும், குளிர்காலத்தில் நீர் உறைந்த நாளிலும் வருமானம் குன்றியது. மனைவி சுக்கான் பிடித்தாள், சமைத்தாள், துவைத்தாள், பிள்ளையும் பெற்றாள். இயந்திரப் படகு வந்தபின், அது இழுத்துச் சென்ற துணைப்படகைப் பெரும்பாலும் அவளே செலுத்தினாள். சிறுவர் குதிரையை நடத்தினர்; ஓடிச்சென்று லாக் கதவுகளைத் திறந்தனர். இவர்கள் எவர் பெயரும் கூலிப் பட்டியலில் இல்லை.

சமையல், உணவு, உறக்கம் அனைத்தும் அச்சிற்றறையிலேயே நடந்தன. அலமாரிக் கதவை மடக்கி இறக்கினால் உணவு மேசை. மற்றொரு கதவை இறக்கினால் படுக்கை. ரோசா மலர்களும் கோட்டைகளும் தீட்டி, பித்தளையைத் துலக்கி, அவ்வறையை அவர்கள் பெருமிதத்தோடு பேணினர். எனினும், இட நெருக்கடியும் நோயும் கண்டு, கோல்வில் ஊரைச் சார்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1870களில் கிளர்ச்சி செய்தார். அதன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது; 1884இல் அது திருத்தப்பட்டது. படகுகள் பதிவு செய்யப்பட்டன. அறையில் தங்குவோர் தொகைக்கு வரம்பு வந்தது.

அச்சட்டம் கல்வியையும் தொட்டது. படகு எவ்வூரில் பதிவாயிற்றோ அவ்வூர்ப் பிள்ளைகளாகவே படகுச் சிறுவர் கருதப்பட்டனர். ஆனால், படகு அவ்வூரில் நின்றால்தானே பள்ளி செல்ல முடியும்! ஓர் ஊரில் அரைநாள், மற்றோர் ஊரில் ஒருநாள் எனச் சிறுவர் வகுப்பில் அமர்ந்தனர். புதிய ஆசிரியர் ஒவ்வொருவரும் முதற்பக்கத்திலிருந்தே தொடங்கும்போது இரண்டாம் பக்கத்தைக் காண்பது எப்போது? எழுத்தறியாமலே வளர்ந்தோர் பலர்.

பள்ளித் தவணையில் பிள்ளைகள் படகில் வாழலாகாது என 1921இல் அரசாங்கக் குழுவொன்று பரிந்துரைத்தது. பெற்றோர் பலர் அதனை விரும்பவில்லை. பிள்ளையைப் பிரிவதும் ஒரு செலவன்றோ? பரிந்துரை சட்டமாகவில்லை. 1930இல் இலண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில், பழைய சரக்குப் படகொன்றையே வகுப்பறையாக்கிப் பாடம் நடத்தினர். பிள்ளை பள்ளிக்கு வர இயலாதபோது பள்ளி பிள்ளையிடம் சென்றது. நற்செயலே, ஆனால், படகு நகர்ந்ததும் பாடமும் நின்றது.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த தொழிலுக்கு அது பேரிடி. நாட்டுடைமையாயிருந்த நிர்வாகம் 1963இல் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. வேலை போனபோது வீடும் உடன் போயிற்று.

இதனை எழுதும்போது என் இளமைக்காலம் நினைவுக்கு வருகிறது. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கும் வாடகை இல்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி, தாய்க்குத் துணையாக ஒட்டுப்பால் சேர்த்துவிட்டு, இடைவேளைக்குப் பின்னரே பள்ளிக்கு வருவாள். சம்பளச் சீட்டில் அவள் பெயர் இருந்ததில்லை. பின்னாளில் தோட்டம் கைமாறியபோது, அக்குடும்பமும் வீட்டை விட்டு வெளியேறியது.

இன்றும் இங்கிலாந்தில் குடும்பங்கள் படகில் வாழ்கின்றன. அவ்வாழ்வை விரும்பி ஏற்றோரும் உளர். நகர வாடகைக்கு அஞ்சி வந்தோரும் உளர். இப்போது செலவுகள் பணமாகவே தெரிகின்றன. ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் காப்புறுதியும் உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் பெறவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்புறத்துக்குக் கரும்பூச்சு இடவேண்டும். இன்றேல் இரும்பைத் துரு தின்னும். டீசல், எரிவாயு, அடுப்புக்கு நிலக்கரி ஆகியவை தனி. நிலத்தோடு கூடிய வீட்டின் விலை ஏறக்கூடும். படகோ பழையதாகப் பழையதாகத் தேய்கிறது.

நிலையான துறை வேண்டுமெனில் அதற்கும் வாடகை உண்டு. துறையில்லாதவர், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது. 2024 ஏப்ரல் முதல் இவர்கள் உரிமத்துக்கு மிகைக் கட்டணமும் செலுத்துகின்றனர். பள்ளிப் பிள்ளையுள்ள குடும்பத்தின் நிலை யாது? பள்ளி ஓரிடத்திலேயே நிற்கிறது, வீடு நகர்கிறது. 1877இல் எழுந்த சிக்கல் வேறு வடிவில் இன்றும் எஞ்சியுள்ளது.

அன்று என் மாணவனுக்குக் கரும்பலகையில் இரு பத்திகள் வரைந்தேன். ‘மிச்சம்’ என்பது ஒன்று. ‘அதனைக் கொடுத்தவர்’ என்பது மற்றொன்று. வாடகைக்கு எதிரே என்ன எழுதுவது எனச் சிறிது நேரம் எண்ணினான். பின்னர், “அம்மாவின் உழைப்பு, பிள்ளையின் படிப்பு” என்று எழுதினான். ஆசிரிய அன்பர்கள் தத்தம் வகுப்பில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மலிவென்று தோன்றும் எப்பொருளுக்கும் இரண்டாம் பத்தியை எழுதப் பிள்ளைகள் பழகுதல் வேண்டும்.