வெப் டிசைனிங் படிக்கக் காசு கட்டலாமா?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த மறுவாரமே செல்போனில் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். "மூன்றே மாதத்தில் வெப் டிசைனர் ஆகலாம்", "வேலை கேரண்டி" என்று ஒரு பக்கம். "கோர்ஸே வேண்டாம், எல்லாம் யூடியூப்பில் இலவசம்" என்று இன்னொரு பக்கம். இப்போது புதிதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது: "ஏஐ கிட்ட சொன்னா அதுவே வெப்சைட் செஞ்சு கொடுக்குது, இதைப் போய் யாராவது படிப்பாங்களா?"

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பிள்ளை படிக்கிறேன் என்று சொன்னால் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிவிடும் வீடுகள் இங்கே நிறைய. அப்படிப் புரட்டிய பணம் எதற்குப் போகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

நேராகவே சொல்லிவிடலாம். ஒரு சாப்ட்வேரின் பெயரைச் சொல்லி விற்கும் குறுகிய கால கோர்ஸுக்குப் பெரிய தொகை கட்டத் தேவையில்லை. ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு படிப்புக்குள் வெப் டிசைனும் ஒரு பகுதியாக வருகிறது என்றால், அது இன்றைக்கும் பயன் தரும்.

காரணம் இருக்கிறது. 2000-களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் 'பிளாஷ்' என்ற சாப்ட்வேர்தான் ராஜா. அசையும் படம், மின்னும் பட்டன் எல்லாம் அதில்தான் செய்தார்கள். அதை மட்டும் கற்றவர்கள் என்ன ஆனார்கள்? அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதே சமயம், 1991-இல் உலகின் முதல் வலைத்தளம் வெளியானபோது பயன்பட்ட எச்டிஎம்எல், 1996-இல் தரப்படுத்தப்பட்ட சிஎஸ்எஸ் இரண்டும் வளர்ந்து வளர்ந்து இன்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் இருக்கின்றன. சாப்ட்வேர் போகும், வரும். அடிப்படை தெரிந்தவருக்கு அடுத்த சாப்ட்வேரைப் பிடிக்கச் சில வாரம் போதும்.

சரி, ஏஐ? சாதாரணமான ஒரு கடைக்கான பக்கத்தை அது நிமிடங்களில் செய்து தருகிறது. உண்மைதான். அந்த வேலைக்கு முன்பு கிடைத்த கூலி இனிக் கிடைக்காது என்று எண்ணிக்கொள்வதே நியாயம். ஆனால் செய்து தந்தது சரியா, தவறா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே!

ஒரு சின்ன உதாரணம். 'நாகர்கோவில்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோட் முறையில் கம்ப்யூட்டருக்கு அது 11. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ஒரு விண்ணப்பத்தில் ஊர்ப் பெயருக்கான கட்டத்தை "10 எழுத்து போதும்" என்று யாரோ அமைத்துவிட்டால், கடைசிப் புள்ளி விழாமல் 'நாகர்கோவில' என்று நிற்கும். ஊர்ப் பெயரில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதுவே பெயருக்கான கட்டத்தில் நடந்து, ஆதாரில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி ஆனால் எத்தனை அலைச்சல் என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துக் கட்டத்தை அமைப்பவருக்கு இந்த விஷயம் தோன்றவே தோன்றாது.

இன்னொன்று. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். குளச்சல் கடற்கரையில் நடுப்பகல் வெயிலில் செல்போனைத் திறந்து பாருங்கள், ஒன்றுமே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்கிறது உலக அளவிலான இணைய அணுகல் வழிகாட்டுதல். பார்வையற்றவர்கள் திரையில் இருப்பதைக் குரலாகக் கேட்டுப் பயன்படுத்துகிறார்கள். பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் ஒரு வரி குறிப்பிடாவிட்டால் அந்தக் குரல் தடுமாறிவிடும். இந்தியாவில் அரசு வலைத்தளங்களுக்கென 2009 முதல் வழிகாட்டு நெறிமுறைகள் உள்ளன. 2023-இல் அவற்றின் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மின்னணுச் சேவைகள் அவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் தெரிந்து செய்கிறவருக்கு வேலை இருக்கிறது. பக்கம் செய்யத் தெரிந்தவர்கள் ஏராளம். இதைச் சோதித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

தனியாகப் படித்தே இதையும் கற்க முடியாதா? முடியும். ஆனால் பலருக்கும் நடுவில் விட்டுப்போகிறது. "இது தப்பு, திரும்பச் செய்" என்று சொல்ல ஆசிரியர் ஒருவர் இருப்பதும், குறித்த நாளில் வேலையைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் வகுப்பறையின் லாபம். சான்றிதழ் இன்னொரு லாபம். அங்கீகாரம் இல்லாத தனியார் சர்டிபிகேட்டை அரசு வேலைக்கான கல்வித் தகுதியாகக் காட்ட முடியாது.

எங்கே படிக்கலாம்?

முதலில் வீட்டு அலமாரியைப் பாருங்கள். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்பு 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் பிஎச்பி இருக்கிறது. தமிழிலேயே கிடைக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். இந்த அளவு பாடத்துக்கே ஆயிரக்கணக்கில் வாங்கும் கோர்ஸ்களும் உண்டு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐ-யில் 'கோபா' என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவை எடுக்கலாம். கணினி இயக்குதலோடு வலைப்பக்க வடிவமைப்பும் இதில் வருகிறது. முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும், அதை வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதியலாம். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ, அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்றிலும் போய் விசாரித்துவிடலாம். இந்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ மூன்று ஆண்டு. பிளஸ் 2-வில் உரிய பாடங்களைப் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பிஎஸ் படிப்பு இருக்கிறது. ஜேஇஇ தேவையில்லை, தகுதிச் சுற்றில் தேறினால் போதும். இடையில் டிப்ளமோவோடும் நின்றுகொள்ளலாம். அதன் நிரலாக்க டிப்ளமோவில் வெப் அப்ளிகேஷன் உருவாக்குவது முக்கியப் பாடம். கணக்கும் ஆங்கிலமும் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும், அதையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் பயிற்சிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருபவர்களுக்கு 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஐடிஐ, டிப்ளமோ படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தனியார் மையத்தில்தான் சேரப் போகிறீர்கள் என்றால்

சேரலாம், தவறில்லை. நல்ல மையங்களும் இருக்கின்றன. ஆனால் கடைசியாகப் படித்து முடித்தவர்கள் செய்த வலைத்தளங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதை உங்கள் செல்போனிலேயே திறந்து பாருங்கள். எழுத்து கலைகிறதா, பக்கம் திறக்க நேரமாகிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்டால் யோசியுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "நூறு சதவீதம் வேலை உறுதி" போன்ற விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலை எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1990-இல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க் நாகர்கோவிலில் இருந்து அதிக தூரமில்லை. உள்ளூரிலும் வடசேரி கோயில் நகை செய்பவர்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தை வெளியூருக்கு அனுப்ப நினைப்பவர்கள், கன்னியாகுமரியில் விடுதி நடத்துபவர்கள் என்று வலைத்தளம் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போதே அப்படி ஒருவருக்கு ஒரு தளம் செய்து கொடுங்கள். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலோடு அதையும் திறந்து காட்டலாம்.

அரசு ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று கையில் இருக்கட்டும். சாதிச் சான்று இல்லாதவர்கள் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.