கார்மேல் மலையடியில் மைசூர்

மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருப்பவர்களுக்குச் சமுத்திரம் வெகு தூரம். விடியற்காலையில் மூட்டை இறக்க வரும் வண்டிகளின் இரைச்சலே எங்களுக்கு அலையோசை. ஆயினும், மத்தியதரைக்கடலில் உல்லாசக் கப்பலேறிப் பழைய துறைமுகப் பட்டணங்களைத் தரிசித்துவர விரும்பும் நண்பர்கள் யோசனை கேட்டால், வெனிஸையும் பார்ஸலோனாவையும் பிறர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, தூலோன், வாலெட்டா, அலெக்ஸாந்திரியா, அக்கோ, ஹைஃபா என்னும் ஐந்து பெயர்களையே நான் சொல்வது வழக்கம். ஏனெனில், எங்கள் தெருவிலிருந்து பத்து மைல் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தின் சரித்திரம் அத்துறைகளோடு பின்னிக் கிடக்கிறது.

1798 மே 19 அன்று நெப்போலியனின் கப்பற்படை பிரான்ஸின் தூலோன் துறையிலிருந்து புறப்பட்டது. ஜூன் மாதத்தில் மால்டாத் தீவின் வாலெட்டா பணிந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அலெக்ஸாந்திரியா வீழ்ந்தது. இவற்றுள் வாலெட்டாவைக் கப்பலின் மேல்தளத்தில் நின்றே காண வேண்டும். 1565-இல் துருக்கியரின் பெரும் முற்றுகையைத் தாங்கி நின்ற கிறிஸ்தவ வீரத்துறவிகள், மறு ஆண்டில் அஸ்திவாரமிட்டுத் தம் தலைவரின் பெயரையே சூட்டிய அந்நகரத்தின் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் மதில்கள், தண்ணீருக்குள்ளிருந்தே முளைத்து எழுந்தனபோல இருபுறமும் உயர, கப்பல் அவற்றினிடையே மெல்ல நுழையும்.

கெய்ரோவிலிருந்து 1799 ஜனவரி 25 அன்று நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். செங்கடற்கரைக்குத் தாம் வந்துவிட்டதாகவும், ஆங்கிலேயரின் பிடியிலிருந்து சுல்தானை விடுவிக்க விரும்புவதாகவும், நம்பிக்கையான தூதர் ஒருவரை அனுப்புமாறும் கேட்ட அக்கடிதம், வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது. பிறகு அவர் ஸிரியக் கடற்கரையோரமாக வடக்கே சென்று, ஐரோப்பியர் ஆக்கர் என்று எழுதும் அக்கோவை முற்றுகையிட்டார். கடல்வழியே வந்த அவருடைய முற்றுகைப் பீரங்கிகளை ஆங்கிலக் கப்பல்கள் பறித்துக்கொண்டன. படையில் கொள்ளைநோயும் புகுந்தது. அந்த மதில்களின் கீழ் பிரெஞ்சுச் சிப்பாய்கள் மடிந்துகொண்டிருந்த மே 4 அன்றுதான், காவேரிக்கரையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை பிளந்து திப்பு வீழ்ந்தார். அதே மாதம் 20-ஆம் தேதியையொட்டி நெப்போலியன் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். திப்பு எதிர்பார்த்த உதவி எங்கே தடைப்பட்டு நின்றது என்பதை அக்கோ மதிலின்மேல் கைவைத்துப் பார்க்கும் மைசூர்வாசியின் நெஞ்சு கனக்காமல் இராது.

அக்கோவில் இன்னொரு விசேஷம் உண்டு. துருக்கியர் மண்ணை நிரப்பி மேலே தங்கள் கோட்டையை எழுப்பியதால், சிலுவைப் போர்க்கால மண்டபங்கள் பூமிக்கடியில் அழியாமல் தங்கிவிட்டன. படியிறங்கினால், பருத்த தூண்களும் வளைந்த கூரையும் கொண்ட 12, 13-ஆம் நூற்றாண்டுப் பட்டணத்துக்குள் நிற்பீர்கள்.

அமைதி நிலவும் காலங்களில் உல்லாசக் கப்பல்கள் நிற்பது, வளைகுடாவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஹைஃபாவில்; துறைமுகத்தை ஒட்டியே ரயில் நிலையம், அக்கோ சுமார் அரைமணிப் பயணம். ஆனால் இறங்கியவுடன் ரயிலேறாமல், ஊருக்குப் பின்னே எழும் கார்மேல் மலையை ஒருகணம் நிமிர்ந்து பாருங்கள். முதல் உலகப் போரின்போது, 1918 செப்டம்பர் 23 அன்று, நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர்க் குதிரைப்படையைச் சேர்ந்த ஒரு பிரிவு, ஈட்டியும் வாளுமாக அந்தச் செங்குத்தான சரிவில் ஏறி, மேலிருந்த துருக்கியப் பீரங்கிகளின்மேல் பாய்ந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு, ஜோத்பூர்க் குதிரைப்படை கிஷோன் ஆற்றுப் புதைமணலுக்கும் மலைக்கும் இடையிலான குறுகிய வழியில் பாய்ந்து ஊருக்குள் புகுந்தது. ஜோத்பூர்ப் படையை நடத்திய மேஜர் தல்பத் சிங் உயிர் துறந்தார். இயந்திரத் துப்பாக்கிகளின் காலத்தில் குதிரைகள் ஒரு துறைமுகத்தைப் பிடித்தது அபூர்வம். டில்லியில் தீன்மூர்த்தி என்று நாம் சொல்லும் மூன்று சிலைகள் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் வீரர்களுக்கே எழுந்தவை. அதற்கு 119 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரோடு பொருது அழிந்த சீமையின் பிள்ளைகள், ஆங்கிலேயரின் கொடியின்கீழ் அதே வளைகுடாவில் ரத்தம் சிந்த நேர்ந்ததை எண்ணுந்தோறும் எனக்கு மனம் வலிக்கிறது.

ஹைஃபாவில் இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு மயானம் இருக்கிறது. கப்பலேறும் நண்பர்களிடம், பெட்டியில் மைசூர் ஊதுபத்தி ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.