எடிட்டிங் கணினியில் எந்த ஃபைலுக்கு எந்த டிஸ்க்?

ஒரு கல்யாணம், மூன்று கேமரா. 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவானால், ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி சேர்க்கும். முந்தின நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமுமாக ஒவ்வொரு கேமராவும் ஐந்து மணி நேரம் ஓடினால் மொத்தம் 675 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தது. தை பிறந்துவிட்டால் ஒரு கல்யாணம் முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இடம் தேடி ஃபைல்களை அங்கும் இங்கும் தள்ளுவதும், எதையோ அழித்துவிட்டுப் பதறுவதும் அந்த நாட்களில்தான்.

எந்த டிஸ்க் காலியாக இருக்கிறது என்று பார்த்து ஃபைலைப் போடுவதுதான் பலருடைய பழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஃபைல் போய்விட்டால் மறுபடி கிடைக்குமா? தாலி கட்டிய காட்சி கிடைக்காது. எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைல் அளவில் சிறியது. ஆனால் அதில் பல நாள் உழைப்பு இருக்கிறது. கேஷ், பிரீவியூ, ப்ராக்ஸி இவற்றையெல்லாம் மென்பொருள் தானே மறுபடி செய்து கொடுத்துவிடும். ஃபுட்டேஜ், ப்ராஜெக்ட், மறுபடி செய்யக்கூடியவை என்ற இந்த மூன்று வகையும் ஒரே டிஸ்க்கில் கலந்து கிடக்கக் கூடாது.

இங்கேதான் பார்ட்டிஷன் நம்மை ஏமாற்றுகிறது. 2 டிபி ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருந்தால் திரையில் மூன்று டிரைவ் தெரியும். உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். அது பழுதானால் மூன்றும் சேர்ந்தே போகும். வேகத்திலும் லாபம் இல்லை. மூன்று கேமராக் காட்சியையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க நொடிக்கு 38 எம்பி போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் 150 எம்பிக்கு மேல் தரும். கணக்குப்படி தாராளம்தான். ஆனால் அதே நேரத்தில் விண்டோஸ் சியில் ஓடுகிறது, ஃபுட்டேஜ் டியில் இருக்கிறது, கேஷ் இயில் எழுதப்படுகிறது. படிக்கும் முனை ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் சுமார் 10 மில்லிநொடி போகிறது. ஒரே ஆள் சாம்பார் வாளியோடு மூன்று பந்திக்கும் ஓடுவது போலத்தான். காட்சி தடுக்கித் தடுக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எஸ்எஸ்டியில் அசையும் முனையே கிடையாது. சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி வரை தரும். என்விஎம்இ வகை 3,500 எம்பியையும் தாண்டும். என் பரிந்துரை இதுதான்: விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் ஒரு எஸ்எஸ்டி, கையில் இருக்கும் வேலையின் ஃபுட்டேஜுக்குப் பெரிய எஸ்எஸ்டி இன்னொன்று, கேஷுக்கு முடிந்தால் தனியாகச் சிறியது ஒன்று, முடிந்த வேலைகளுக்கு ஹார்டு டிஸ்க். எதையும் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். நிரம்ப நிரம்ப எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இரண்டிலுமே வேகம் குறையும்.

நாம் இடம் சொல்லாமல் விட்டால் பிரீமியர் ப்ரோ கேஷை சி டிரைவிலேயே கொட்டும். செட்டிங்ஸில் போய் இடத்தை மாற்ற வேண்டும். டாவின்சி ரிசால்வில் வேறொரு கண்ணி உண்டு. அது ப்ராஜெக்டை ஃபுட்டேஜ் ஃபோல்டரில் வைப்பதில்லை, தன்னுடைய டேட்டாபேஸில் வைக்கிறது. ஃபுட்டேஜை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை மறுபடி போட்டால், எடிட் செய்த வேலை காணாமல் போகலாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து வேறொரு டிஸ்க்கில் போடுங்கள்.

மெமரி கார்டிலிருந்து இறக்கும் அரை மணி நேரம்தான் ஆபத்தானது. சோனி கேமராவில் ஃபைல் பெயர் சி0001, சி0002 என்று போகும். இரண்டு கேமராவிலும் அதே பெயர் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் விண்டோஸ் ‘ரீப்ளேஸ் செய்யவா’ என்று கேட்கும். அசதியில் ஆமாம் என்று அழுத்தினால் ஒரு கேமராவின் முகூர்த்தம் போயிற்று. கேமராவுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று தனி ஃபோல்டர் போட்டு, கார்டில் உள்ளதை அப்படியே முழுதாகக் காப்பி செய்ய வேண்டும். கட்-பேஸ்ட் கூடவே கூடாது. ரிசால்வில் இருக்கும் குளோன் வசதி, காப்பி சரியாக வந்ததா என்று ஒப்பிட்டும் பார்க்கும். இரண்டு டிஸ்க்கில் ஏறும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு 1 போட்டிருக்கிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நாமே தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். 1998இல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. பேக்கப்பும் சரியாக இல்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்த, அந்தப் படக்குழுவைச் சேர்ந்த கேலின் சூஸ்மனின் கணினியில் இருந்த காப்பிதான் கைகொடுத்தது. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி சொல்வதும் இதைத்தான்.

கல்யாண வேலையில் அந்த வெளிக் காப்பிக்கு எளிய வழி உண்டு. மூல ஃபுட்டேஜ் முழுவதையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு மணமக்கள் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். டிஸ்க்கின் விலையைப் பேக்கேஜில் சேர்த்து, ஸ்டுடியோ தன் காப்பியை எத்தனை மாதம் வைத்திருக்கும் என்பதையும் பில்லிலேயே எழுதிவிடுங்கள்.