பந்தில்லாத 88 நிமிடங்கள்

ஒரு கால்பந்து ஆட்டம் 90 நிமிடங்கள் நடக்கிறது. அதில் ஓர் ஆட்டக்காரரின் காலடியில் பந்து எவ்வளவு நேரம் இருக்கும்? அரை மணி நேரமா? கால் மணி நேரமா?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பந்து கோட்டுக்கு வெளியே போவது, நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்துவது, அடிபட்டவரைக் கவனிப்பது ஆகிய எல்லாவற்றையும் கழித்தால், ஆட்டம் உண்மையில் நடக்கும் நேரம் சுமார் ஒரு மணிதான். அந்த 60 நிமிடங்களை 22 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 3 நிமிடம்கூட வராது. பந்து ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போகும் நேரத்தையும் கழித்துவிட்டால், மிஞ்சுவது 2 நிமிடம் அளவே!

அப்படியானால் மீதி 88 நிமிடங்களும் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. ஓர் அணிக்குப் புதிதாக ஒரு சென்டர் பார்வர்டு வந்து சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்து மைதானமானாலும் சரி, பெரிய நகரத்து விளையாட்டரங்கமானாலும் சரி, சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொள்வது ஒன்றுதான்: “மூணு மேட்ச் ஆச்சு, ஒரு கோல்கூட இல்லையே! பந்தையே தொடாம சும்மா ஓடிக்கிட்டு இருக்கான்!” நான்காவது ஆட்டத்தில் அந்தப் பையன் வெளியே உட்கார வைக்கப்படுகிறான். அவன் சும்மாதான் ஓடினானா? இதற்கு விடை காண, நீங்கள் 9-ஆம் வகுப்பில் படிக்கும் இயக்கவியல் போதும்.

வெலிங்டன் தந்த வெற்றி

நீலகிரிக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு பழையது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பைப் போட்டி ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி. அந்தக் கோப்பையை 1955, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் அணி.

அந்த அணியில் இருந்தவர் பீட்டர் தங்கராஜ். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகச் சென்ற புகழ்பெற்ற கோல் காப்பாளர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஒரு சுவையான செய்தி: இராணுவத்தில் சேர்ந்த புதிதில் இவர் ஆடியது சென்டர் பார்வர்டாக! பிறகுதான் கோல் காப்பாளர் ஆனார். பந்து தன்னிடம் இல்லாதபோதும் முழு மைதானத்தையும் எதிரே வைத்துப் பார்ப்பவர் கோல் காப்பாளர். நாமும் சற்று நேரம் அவரைப் போலப் பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்போம்.

கால் நொடியின் விலை

முன்கள ஆட்டக்காரர் ஒருவர், அவரைக் காக்கும் தடுப்பாளர் ஒருவர். இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே வேகம், ஒரே முடுக்கம். திடீரென்று முன்களக்காரர் ஓடத் தொடங்குகிறார். தடுப்பாளரும் உடனே ஓடுவார் அல்லவா?

“உடனே” என்பது இங்கே இல்லை. ஒளி கண்ணில் பட்டு, நரம்பு வழியே மூளைக்குச் சென்று, மூளை முடிவு செய்து, கட்டளை கால் தசைகளுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். இதுவே எதிர்வினை நேரம். எளிய சூழ்நிலையில் இது சுமார் 0.2 நொடி, “இடமா, வலமா?” என்று முடிவு செய்ய வேண்டிய நிலையில் இன்னும் கூடும். நம் கணக்குக்கு 0.25 நொடி என்று கொள்வோம்.

முன்களக்காரரின் வேகம் நொடிக்கு 7 மீட்டரை எட்டுகிறது. தடுப்பாளரும் அதே வேகத்தை எட்டுகிறார், ஆனால் கால் நொடி தாமதமாக. எனவே இருவருக்கும் இடையே 7 × 0.25 = 1.75 மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். வேகத்தில் இருவரும் சமம்; ஆனாலும் ஒருவர் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரத்துக்கு முன்னால் இருக்கிறார். திரும்பிப் பந்தை வாங்கவும் கோலை நோக்கி அடிக்கவும் அவ்வளவு இடம் போதும்.

முதலில் எதிர்ப்பக்கம் ஓடு!

நல்ல முன்களக்காரர் பெரும்பாலும் தாம் போக விரும்பும் திசையில் நேரே ஓடுவதில்லை. முதலில் அதற்கு எதிர்த்திசையில் நாலடி ஓடி, பிறகு சட்டென்று திரும்புவார். இது வெறும் ஏமாற்று வித்தையா? இல்லை, இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

திசைவேகம் என்பது அளவும் திசையும் உடையது என்று படித்திருக்கிறீர்கள். இருவரும் இடப்பக்கமாக நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார்கள். முன்களக்காரர் நின்று, திரும்பி, வலப்பக்கமாக அதே 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அவருடைய திசைவேக மாற்றம் எவ்வளவு? பூச்சியம் என்று சொல்லிவிடாதீர்கள்! −5-இலிருந்து +5-க்கு மாறியதால் அது 10. தடுப்பாளரும் அதே செயலைக் கால் நொடி கழித்துச் செய்கிறார். அந்தக் கால் நொடியின் விளைவாக விழும் இடைவெளி 10 × 0.25 = 2.5 மீட்டர். நின்ற இடத்திலிருந்து 5 மீட்டர் வேகத்துக்கு நேரே ஓடியிருந்தால் கிடைத்திருப்பது 1.25 மீட்டர்தான். திரும்பி ஓடியதால் இடைவெளி இரு மடங்காகிவிட்டது!

இதை ஒரு சூத்திரமாக எழுதிக்கொள்ளலாம்:

இடைவெளி = திசைவேக மாற்றம் × தாமதம்

செங்கோணத்தில் திரும்பினால் என்ன ஆகும்? பிதாகரஸ் தேற்றப்படி திசைவேக மாற்றம் 5√2, அதாவது சுமார் 7. இடைவெளி சுமார் 1.75 மீட்டர். நீங்களே வரைந்து சரிபாருங்கள்.

நம் மலைப் பகுதியில் மைதானம் அடிக்கடி நனைந்திருக்கும். ஈரப் புல்லில் உராய்வு குறைவு. ஆகவே நிற்கவும் திரும்பவும் இருவருக்குமே அதிக நேரம் பிடிக்கும். சூத்திரத்தில் உராய்வு இல்லை என்பதைக் கவனியுங்கள். இடைவெளி கடைசியில் அதே அளவுதான். ஆனால் மெதுவாகத் திறக்கும். எனவே மழை நாளில் முன்களக்காரர் தம் ஓட்டத்தைச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும்.

முதுகுப்புறத்தில் ஒளிந்திருப்பவர்

சூத்திரத்தில் இரண்டு பெருக்கற்பொருள்கள் உள்ளன. முதலாவதை எப்படிக் கூட்டுவது என்று பார்த்தோம். இரண்டாவதான தாமதத்தையும் கூட்ட முடியுமா?

முடியும். கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் பகுதி ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம்தான். சுமார் 2 பாகை. சுற்றியுள்ளவை மங்கலாகவே தெரியும். தலைக்குப் பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. தடுப்பாளரோ பந்தையும் பார்க்க வேண்டும், தாம் காக்கும் ஆளையும் பார்க்க வேண்டும். இவை இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் சிரமமில்லை. முன்களக்காரர் அவருடைய முதுகுப்புறமாக நழுவிவிட்டால், தடுப்பாளர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர் பந்தைப் பார்க்கும் நொடியில் ஓட்டம் தொடங்கினால் தாமதம் கால் நொடியிலிருந்து அரை நொடியாகும். இடைவெளியும் இரட்டிக்கும்.

தேர்ந்த தடுப்பாளர்களும் இதை அறிவார்கள். அவர்கள் ஒட்டி நிற்காமல், தம் கோல் இருக்கும் பக்கமாக இரண்டடி தள்ளி நின்று, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிப்பார்கள். நம் சூத்திரம் கணிக்காமல் பின்தொடர்பவருக்கே முழுமையாகப் பொருந்தும்.

ஆஃப்சைடு என்னும் கடிகாரம்

முதுகுப்புறம் நழுவி, வேண்டிய அளவு முன்னால் ஓடி நின்றுகொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதைத் தடுப்பதுதான் ஆஃப்சைடு விதி. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிர்ப்பாதியில் இருப்பவர் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் ஆஃப்சைடு. 1925 வரை இந்த எண்ணிக்கை இரண்டல்ல, மூன்று எதிராளிகள்! அவ்வாண்டு விதி மாறியதும் கோல்கள் பெருகின.

இங்கே நேரம் எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். முன்களக்காரர் 7 மீட்டர் வேகத்தில் முன்னே ஓடுகிறார். தடுப்பு வரிசை 3 மீட்டர் வேகத்தில் எதிரே ஏறி வருகிறது. சார்புத் திசைவேகம் நொடிக்கு 10 மீட்டர். பந்து 0.1 நொடி தாமதமாக உதைக்கப்பட்டால் 1 மீட்டர் ஆஃப்சைடு! இதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் நேராக ஓடாமல், தடுப்பு வரிசைக்கு இணையாக வளைந்து ஓடுகிறார்கள். வேகம் குறைவதில்லை, ஆனால் கோட்டையும் தாண்டுவதில்லை. பந்து உதைக்கப்பட்டதும் வளைவை நிமிர்த்திக் கோலை நோக்கிப் பாய்கிறார்கள்.

பிறருக்காகத் திறக்கும் கதவு

இனி மிக முக்கியமான ஒன்று. முன்களக்காரர் ஓடினார், தடுப்பாளரும் பின்னாலேயே ஓடினார், பந்து வரவில்லை. ஓட்டம் வீணா?

ஒரு தாளில் மைதானத்தை வரைந்து 22 புள்ளிகள் வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்து அவற்றின் மையக் குத்துக்கோடுகளை வரைந்தால், மைதானம் 22 துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் அதற்கு மிக அருகில் உள்ளவருக்குச் சொந்தம். கணித அறிஞர் வொரோனாயின் பெயரால் இதனை வொரோனாய் வரைபடம் என்பர். இப்போது ஒரு முன்களக்காரரையும் அவரைத் தொடரும் தடுப்பாளரையும் 10 மீட்டர் ஓரமாக நகர்த்தி மீண்டும் வரையுங்கள். நடுவில் தடுப்பாளரிடம் இருந்த நிலத்தின் ஒரு பகுதி, பின்னால் வரும் இன்னோர் ஆட்டக்காரரின் கைக்கு மாறியிருக்கும். கோல் அடிப்பவர் அவர். கதவைத் திறந்துவிட்டவரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது.

2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை இறுதியாட்டம். பெங்களூரு அணி மும்பை சிட்டி அணியை 2-1 என வென்றது. முதல் கோலை 11-ஆவது நிமிடத்தில் அடித்தவர் கண்டனூரைச் சேர்ந்த நம் தமிழ் இளைஞர் சிவசக்தி நாராயணன். அப்போது வயது 21. கோல் பட்டியலில் அவர் பெயரும் நிமிடமும் இருக்கின்றன. அந்த நாளில் அவரும் மற்றவர்களும் பந்து வராமல் ஓடிய ஓட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தக் குறையை இயற்பியல் வழியே தீர்க்க முயன்றவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்பியர்மன். செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகள் ஆய்வில் ஈடுபட்டவர், பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் ஆய்வாளராகச் சேர்ந்தார். மைதானத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதலில் போய்ச் சேர்வார் என்பதை ஆட்டக்காரரின் திசைவேகத்தையும் சேர்த்துக் கணித்து, பந்து கையில் இல்லாத ஒருவருக்குக் கோல் அடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று 2018-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். அருகில் நிற்பவர் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தால், தொலைவில் இருப்பவர் முந்திவிடலாம் அல்லவா? நாம் வரைந்த படத்தின் திருத்திய பதிப்பு அது.

மலையில் ஒரு கூடுதல் கணக்கு

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. ஒரே ஒரு பாய்ச்சல் ஓட்டத்துக்கு இது பெரிய தடையில்லை. ஆனால் ஓடி முடித்து மூச்சு வாங்கி, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆகவே நேற்றுச் சமவெளியிலிருந்து வந்த ஆட்டக்காரர், பிற்பாதியில் ஓடாமல் நின்றால் சோம்பேறி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். உடல் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். காற்றின் அடர்த்தியும் சுமார் ஐந்தில் நான்கு பங்கே. உயரத் தூக்கி அடித்த பந்து எதிர்பார்த்ததைவிடச் சற்றுத் தள்ளி விழும். அதை எட்டாமல் போனதும் அவர் குற்றமன்று.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். பத்துப் பத்து நிமிடங்களாகப் புதிய ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் பாருங்கள். பந்தைப் பார்க்கவே கூடாது! முதல் சில நிமிடங்கள் இது மிகக் கடினமாக இருக்கும். அவருடைய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நான்கு கேள்விகள்:

1. திசையோ வேகமோ மாற்றி ஓடினாரா?
2. தடுப்பாளர் பார்க்காத நேரத்தில் தொடங்கினாரா?
3. பந்து உதைக்கப்பட்ட கணத்தில் ஆஃப்சைடு ஆகாமல் இருந்தாரா?
4. பந்து வராவிட்டாலும் தடுப்பாளரை இழுத்துச் சென்றாரா? காலியான இடத்துக்கு வேறு யாராவது வந்தாரா?

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆய்வகத்தில் ஒரே ஓர் அளவீட்டை வைத்து விடை எழுதுவீர்களா? ஐந்தாறு ஆட்டங்களின் கணக்கைச் சேருங்கள். நல்ல ஓட்டங்கள் பல இருந்தும் பந்து வரவில்லை என்றால், குறை ஓடியவரிடம் இல்லை. பந்து கொடுக்க வேண்டியவர்களிடம் இருக்கிறது. ஓட்டங்களே இல்லை என்றால், அவர் அடித்த இரண்டு கோல்கள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

அந்த நோட்டை உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டுங்கள். மூன்று ஆட்டங்களில் கோல் அடிக்காத ஒரு மாணவனை நான்காவது ஆட்டத்திலும் களத்தில் இறக்க, அந்த ஒரு பக்கக் கணக்கு போதுமானதாக இருக்கலாம்.